மெடீவல் 2: டோட்டல் வார் – பாலத்து முனையில் நின்ற ஈட்டிக்காரர்கள்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியது 2008 கடைசியில். அண்ணன் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, நான் பதினோராம் வகுப்பு. அடுத்து வந்த கோடை விடுமுறையில் அவன் விடுதி நண்பனிடமிருந்து மெடீவல் 2: டோட்டல் வார் என்ற இந்தப் போர் கேமைக் கொண்டுவந்து போட்டான். இருந்தது ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. அதனால் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். வரைபடத்தில் வரி, கட்டடம், தூதர் எல்லாம் அவன் பொறுப்பு. சண்டை என்று வந்தால் மவுஸ் என் கைக்கு வந்துவிடும். அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து யோசனை சொல்வான்.

இப்போது நான் கரூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். கடை சாத்தி, சாப்பிட்டு, பிள்ளை தூங்கிய பிறகு கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில் அதே கேமைப் போனில் ஆடுகிறேன். போன மாதம் ஒரு முழு கேம்பெயினை, அதாவது ஒரு நாட்டை எடுத்துக் கடைசி வரை நடத்தும் ஆட்டத்தை, முடித்தேன். 2006இல் வந்த ஒன்றை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வாங்கலாம். ஏன் என்று விளக்க, நான் ஆடிய சில சண்டைகளைச் சொல்லியாக வேண்டும்.

தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கி சேகா வெளியிட்டது இது. டோட்டல் வார் வரிசையில் நான்காவது கேம். கதை 1080இல் தொடங்கி 1530 வரை போகும். ஒரு டர்ன் என்பது, அதாவது நம் முறை ஒரு தடவை வந்து போவது, இரண்டு வருஷம், ஆக மொத்தம் 225 டர்ன். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா எல்லாம் ஒரே வரைபடத்தில் விரிந்திருக்கும். கிழக்கு ஓரத்தில் பாக்தாத், பிற்காலத்தில் மேற்கே கடல் தாண்டி அமெரிக்கா. நகரங்கள் பணம் தரும், கோட்டைகள் நல்ல வீரர்களைத் தரும். இரண்டு படைகள் மோதும்போது வரைபடம் மறைந்து, புல்வெளியும் மலைச்சரிவும் உள்ள ஒரு நிலம் திறக்கும். ஒரு படையில் அதிகபட்சம் இருபது யூனிட்; யூனிட் என்பது ஒன்றாக நகரும் ஒரே வகை வீரர்களின் கூட்டம். அதற்கு மேல் நடப்பதெல்லாம் உங்கள் கையில்.

என்னைப் பொறுத்தவரை இந்த கேமின் உயிர் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. இதில் வீரர்கள் பயப்படுவார்கள். வேறு பல கேம்களில் நாம் அனுப்பிய ஆள் கடைசிச் சொட்டு உயிர் இருக்கும்வரை வெட்டிக்கொண்டிருப்பான். இங்கே அப்படிக் கிடையாது. பக்கத்து யூனிட் ஓடுவதைப் பார்த்தால் இவர்கள் மனம் கலங்கும். தளபதி செத்தால் கலங்கும். களைத்துப்போனால், முதுகுப்பக்கம் குதிரைச் சத்தம் கேட்டால் கலங்கும். எண்ணிக்கையில் பாதிகூடக் குறையாத ஒரு யூனிட், கொடி வெள்ளையாகி, ஆயுதத்தை மறந்து ஓடிவிடும். ஆகவே எதிரியைக் கொல்வதைவிட அவன் மனதை உடைப்பதுதான் வேலை. நம் ஆட்களின் மனம் உடையாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்த சண்டை பிரான்ஸின் வடக்கே நார்மண்டியில் நடந்தது. இங்கிலாந்தை எடுத்து ஆடினோம். கடல் தாண்டி பிரெஞ்சு மண்ணில் நமக்குத் தொடக்கத்தில் இருப்பது கான் என்ற ஒரே ஒரு கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் எங்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான படையோடு வந்தார்கள். எங்களிடம் இருந்தது ஆறு நீள்வில் யூனிட், நான்கு ஈட்டி யூனிட், தளபதியும் அவருடைய மெய்க்காவல் குதிரைகளும். அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் நீள்வில் வீரர்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. சண்டை தொடங்குவதற்கு முன், படையை நிறுத்தும் நேரத்தில், கூர் சீவிய கழிகளைத் தங்கள் முன்னால் சாய்வாக நட்டுக்கொள்ளலாம். நட்டது நட்டதுதான், பிறகு இடம் மாற்ற முடியாது. நான் எல்லோரையும் கழிகளுக்குப் பின்னால் பத்திரமாக நிறுத்தப் போனேன். அண்ணன் தடுத்தான்.

“பாப்பா, வில்லுக்காரங்களைக் கழிக்கு முன்னாடி நிக்க வை. எதிர்ல வெறும் ஆளுங்கதான் இருக்காங்கன்னு நெனச்சு வரட்டும். கிட்ட வந்ததும் பின்னாடி இழு.”

“அதுக்குள்ள வந்துட்டா என்ன பண்றது அண்ணா?”

“வராது. நீ குதிரையோட காலையே பாரு. நடை ஓட்டமா மாறுச்சுன்னா உடனே இழுத்துடு.”

காமிராவைத் தரையளவுக்குக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு குதிரைகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்புகள் மேலே எழும்பி, கறுப்புக் கோடுகளாக வளைந்து, அந்தப் பக்கம் விழுந்தன. நடை ஓட்டமானது. ஆறு யூனிட்டையும் ஒன்றாகப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கடைசி ஆள் கழிகளுக்கு இடையே புகுந்து வெளியேறிய நொடியில் முதல் வரிசைக் குதிரைகள் வந்து மோதின. ஒரு வரிசை அப்படியே மடிந்தது. பின்னால் வந்தவர்களும் அதே வேகத்தில் அதே இடத்தில் விழுந்தார்கள். அவர்களுடைய தளபதி எங்கே விழுந்தார் என்றுகூட நான் பார்க்கவில்லை; அறிவிப்பு மட்டும் வந்தது. அதன் பிறகு பிரெஞ்சுக் காலாட்படை எங்கள் ஈட்டிக்காரர்கள் பக்கம் வந்து சேருவதற்குள்ளேயே வெள்ளைக்கொடி காட்டத் தொடங்கிவிட்டது.

1415 அக்டோபர் 25இல் பிரான்ஸின் அஜின்கோர்ட்டில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் வில்லாளர்கள் செய்ததும் இதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. மழையில் ஊறிய உழவு நிலம், இரண்டு பக்கமும் காடு, நடுவில் நெருக்கி வந்த பிரெஞ்சு வீரர்கள், எதிரே நட்ட கழிகள். அந்தச் சண்டையும் இந்த கேமில் தனியாக ஆடக் கிடைக்கிறது. ஹேஸ்டிங்ஸ், அர்சூஃப், டானன்பெர்க், பாவியா, மெக்சிகோவின் ஒட்டும்பா ஆகியவையும் உண்டு. நார்மண்டிச் சண்டைக்குப் பிறகுதான் நான் அஜின்கோர்ட்டை ஆடினேன். அதன் பிறகுதான் பள்ளி நூலகத்தில் அந்தப் போரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

சண்டை முடிந்ததும் கைதிகளை என்ன செய்வது என்று கேம் கேட்கும். விட்டுவிடலாம், பிணைப்பணம் கேட்கலாம், கொன்றுவிடலாம். எதைத் தேர்ந்தாலும் தளபதியின் குணத்தில் அது படியும். விட்டுவிட்டால் பெருந்தன்மை கூடும், கொன்றால் அச்சம் ஊட்டுபவராக மாறுவார். அந்த அச்சமும் போரில் பயன் தருவதுதான். எதிரிப் படையின் மனம் சீக்கிரம் கலங்கும். அஜின்கோர்ட்டில் ஹென்றி கைதிகளைக் கொல்லச் சொன்னார் என்பது வரலாறு. நான் அன்றைக்கு எல்லோரையும் விட்டுவிட்டேன். அவர்களில் பலர் பத்து டர்ன் கழித்துத் திரும்பி வந்திருப்பார்கள். இருந்தாலும் அந்த பட்டனை அழுத்த என் கை போகவில்லை. இன்றைக்கும் போவதில்லை.

தோற்ற சண்டையையும் சொல்ல வேண்டும். அதே கேம்பெயினில் போப் சிலுவைப்போர் அறிவித்து, எங்கள் படை அந்தியோக்கியா வரை போய்ச் சேர்ந்தது. என்னிடம் விலை உயர்ந்த வீரர்கள் இருந்தார்கள், ஹாஸ்பிடலர் என்ற சிலுவைப்போர்த் துறவிச் சபையின் குதிரை வீரர்கள் உட்பட. எகிப்துக்காரர்களின் குதிரை வில்லாளிகள் கிட்டே வந்து அம்பு விட்டு, நாம் நகர்ந்தால் விலகி, நின்றால் மறுபடி வந்து சீண்டிக்கொண்டிருந்தார்கள். நான் எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை. ஹாஸ்பிடலர்கள் தாங்களாகவே பாய்ந்துவிட்டார்கள். யூனிட் விவரத்திலேயே கட்டளை இல்லாமல் பாயக்கூடியவர்கள் என்று போட்டிருக்கிறது. நான்தான் படிக்காமல் விட்டேன். அவர்கள் துரத்தித் துரத்தி மேடு தாண்டிப் போய்விட, இந்தப் பக்கம் என் காலாட்படையின் பக்கவாட்டு திறந்து கிடந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

1191இல் அர்சூஃபில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். எகிப்து சுல்தான் சலாதீனின் குதிரை வில்லாளிகளின் தொல்லை பொறுக்காமல், இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் கட்டளைக்கு முன்பே ஹாஸ்பிடலர்கள் பாய்ந்துவிட்டார்கள். ரிச்சர்ட் தயங்காமல் மொத்தப் படையையும் பின்னாலேயே அனுப்பி வென்றார். அண்ணன் அதைத்தான் சொன்னான்: “அவங்க போனதும் நீயும் எல்லாரையும் விட்டிருக்கணும். பாதி பேரு அங்க, பாதி பேரு இங்கன்னு நின்னதுதான் தப்பு.” அன்றிலிருந்து இப்படிப்பட்ட வீரர்களை அம்பு எட்டாத தூரத்தில் பின்னால் வைப்பதே என் வழக்கம்.

அப்புறம் அந்தப் பாலம்.

அது 2010. ஒரு கேம்பெயினை முடித்தால் மற்ற நாடுகள் திறக்கும். நாங்கள் துருக்கியரை எடுத்தோம். 1200களின் முதல் பாதியில் கிழக்கு ஓரத்தில் மங்கோலியர் வந்து இறங்குவார்கள். ஒரு படை, இரண்டு படை என்று இல்லை; முழுப் படைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் தேர்ந்த தளபதி. திறந்த வெளியில் அவர்களோடு மோதினால் நமக்கு வாய்ப்பே கிடையாது. கனத்த கவசம் போட்ட குதிரை வில்லாளிகளை நம்மால் பிடிக்கவும் முடியாது, அவர்கள் அம்புக்கு ஈடுகொடுக்கவும் முடியாது. உண்மை வரலாற்றிலும் செல்ஜூக் துருக்கியர் 1243இல் கோசே தாக்கில் மங்கோலியரிடம் நொறுங்கிப்போனார்கள்.

இன்றைய ஈராக்கில் இருக்கும் மொசூல் நகரம் எங்கள் கையில் இருந்தது; அதைக் காப்பாற்ற எங்களிடம் தளபதிகூட இல்லை. சரசன் ஈட்டிப்படை எட்டு, வில் யூனிட் ஐந்து, இப்ராஹிம் என்ற கேப்டன். அவ்வளவே. அண்ணன் வரைபடத்தில் வெகுநேரம் தேடி, அவர்கள் வரும் வழியில் ஓர் ஆற்றுப் பாலத்தின் மேல் படையைக் கொண்டுபோய் நிறுத்தினான். பாலத்தில் ஒரு நேரத்தில் கொஞ்சம் பேர்தான் வரமுடியும். அங்கே அவர்கள் எண்ணிக்கைக்கும் வேகத்துக்கும் வேலை இல்லை.

பாலம் முடிகிற இடத்தைச் சுற்றி ஈட்டிக்காரர்களைப் பிறை வடிவில் நிறுத்தினேன். பாலத்துக்குள்ளே ஒருவரையும் விடவில்லை. உள்ளே விட்டால் இரண்டு பேர் அகலத்துக்குத்தான் சண்டை நடக்கும். வெளியே பிறையாக நின்றால் வருகிறவனுக்கு மூன்று பக்கமும் ஈட்டி. வில்லாளர்கள் பின்னால். எதிர்க்கரையிலிருந்து மங்கோலியர் அம்பு விட்டுக்கொண்டே இருந்தார்கள். என் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தாலும் வரிசை கலையவில்லை. அப்புறம் குதிரைகள் பாலத்தில் ஏறின. முன்னால் இருப்பவை ஈட்டியில் சிக்கி நிற்க, பின்னால் இருப்பவை தள்ள, நடுவில் இருந்தவர்கள் அசைய இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஐந்து வில் யூனிட்டும் அந்த ஒரே இடத்தில் எய்தன.

ஒன்றே முக்கால் மணி நேரம். நடுப் பிறையில் நின்ற ஒரு யூனிட்டில் பதினொரு பேர் மீதி. அவர்களுடைய தளபதி பாலத்தின் நடுவில் விழுந்தார். கொடிகள் வெள்ளையாகத் தொடங்கின. அப்போது கரண்ட் போய்விட்டது.

அந்த வருஷங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இன்வெர்டர் கிடையாது. இந்த கேமில் சண்டை நடுவே சேவ் செய்யவும் முடியாது. இன்றைக்கும் இதன் பெரிய குறை என்று நான் சொல்வது அதைத்தான். இருட்டில் நான் அழுதுவிட்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் விசிறிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பதினொரு பேர் நாளைக்கும் நிப்பாங்க பாப்பா” என்றான்.

மறுநாள் மாலை அதே டர்னிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அதே பாலம், அதே படை. ஆனால் சண்டை வேறு மாதிரி நடந்தது. இந்த முறை அம்பு சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. இடதுபக்க ஈட்டிப்படை உடைந்து ஓடியது. அந்த இடைவெளியில் நிறுத்த என்னிடம் வேறு யாரும் இல்லை. வில்லாளர்களையே கத்தியோடு அங்கே அனுப்பினேன். அவர்கள் தாங்கமாட்டார்கள் என்று தெரியும். ஓடியவர்கள் மனம் தேறித் திரும்பும்வரை தாங்கினால் போதும். தாங்கினார்கள். ஓடிய ஈட்டிக்காரர்கள் தூரத்தில் நின்று, கொடி மறுபடி நிறம் மாறி, திரும்பி வந்தார்கள். அதைப் பார்த்த அந்த நொடியை நான் எப்படி எழுதினாலும் எனக்குப் போதாது. கடைசி மங்கோலியக் குதிரை பாலத்தைவிட்டு ஓடியபோது அண்ணன் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றிருந்தான்.

அடுத்த திரையில் ஒரு செய்தி. இந்தப் போரில் வென்ற கேப்டன் இப்ராஹிமை அரச குடும்பத்தில் தத்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று. தளபதி இல்லாத படையைக் கேப்டன் ஒருவர் நடத்திப் பெரிய வெற்றி பெற்றால் இப்படி வருவதுண்டு. அதுவரை எங்களுக்கு அது தெரியாது. பெயருக்கு மட்டும் இருந்த ஓர் ஆள் முகத்தோடும் வயதோடும் குடும்ப மரத்தில் வந்து சேர்ந்தார். இந்த கேமில் மனிதர்களுக்கு இரண்டு டர்னுக்கு ஒரு வயதுதான் ஏறும், அதனால் ஒரு தளபதி நம்மோடு வெகுகாலம் இருப்பார். இப்ராஹிம் எங்களோடு இருந்த காலம் முழுவதும் மொசூலை வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. இடையில் இரண்டு முறை பறிகொடுத்து, இரண்டு முறை மீட்டோம். அவர் முதுமையில் இறந்த செய்தி வந்த அன்றைக்கு நாங்கள் மேற்கொண்டு ஆடவில்லை.

கோட்டை முற்றுகைகளும் நன்றாகத்தான் இருக்கும். ஏணி, நகரும் கோபுரம், வாயிலில் கொதிக்கும் எண்ணெய், அழுகிய மாட்டைக்கூட மதிலுக்குள் வீசும் கல்லெறி பொறி. ஆனால் அங்கேதான் கேமின் புத்தி தடுமாறுகிறது. குறுகிய தெருவில் படைகள் வழி தெரியாமல் முட்டிக்கொள்ளும். மதில் மேல் ஏற்றிய ஆட்கள் பாதி கீழே, பாதி மேலே நின்றுவிடுவார்கள். முற்றுகையிட்ட எதிரி சிலசமயம் நம் அம்பு விழுகிற இடத்திலேயே அசையாமல் நின்று சாவான். தூது, நட்பு எல்லாம் இன்னும் மோசம். நேற்றுக் கைகுலுக்கியவன் காரணமே இல்லாமல் இன்று துறைமுகத்தை அடைப்பான். இவற்றை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். 1300களின் பிற்பகுதியில் முதுகில் பீரங்கி ஏற்றிய யானைகளோடு மத்திய ஆசியாவின் தைமூரியர் வருவார்கள்; மிரண்டால் அந்த யானைகள் சொந்தப் படையையே மிதிக்கும். அதற்காகவாவது அதுவரை ஆடிப் பாருங்கள்.

கம்ப்யூட்டரா போனா என்றால், முதலில் கம்ப்யூட்டர். இன்றைய சாதாரண மடிக்கணினியே இதற்கு அதிகம். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் கிங்டம்ஸ் விரிவாக்கமும் சேர்ந்தே கிடைக்கிறது; அதில் மட்டும் நான்கு தனி கேம்பெயின். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற மோடும் (ரசிகர்கள் மாற்றிச் செய்த வடிவம்) நிறையப் பேர் ஆடுவது, எனக்கும் பிடித்தது. போன் வடிவத்தை ஃபெரல் இன்டராக்டிவ் 2022 ஏப்ரலில் வெளியிட்டது. சுருக்கி வெட்டிய கேம் இல்லை, முழு கேம்பெயினும் இருக்கிறது. நிறைய இடம் பிடிக்கும், போன் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். சிறிய திரையில் ஒரு யூனிட்டைத் தொடப்போனால் பக்கத்து யூனிட் மாட்டும். சண்டையை நிறுத்தி வைத்துவிட்டுக் கட்டளை கொடுக்கப் பழகிக்கொண்டால் இது பெரிய தொல்லையாகத் தெரியாது.

முதன்முறை ஆடுபவர்களுக்கு இரண்டு யோசனை. சண்டையை கேமே கணக்குப் போட்டு முடிக்கும் ஆட்டோ ரிசால்வை மறந்துவிடுங்கள், தோற்றாலும் சண்டையை நீங்களே நடத்துங்கள். குதிரைப்படையைக் கிட்டத்திலிருந்து ஏவாதீர்கள். கொஞ்சம் தூரத்தில் நிறுத்தி, வரிசை சேர்ந்ததும் அனுப்பினால்தான் ஈட்டியைத் தாழ்த்திப் பாய்வார்கள். அவசரப்படுத்தினால் வாளை உருவிக்கொண்டு சாதாரணமாகப் போய் முட்டுவார்கள்.

நான் போனில் ஆடுகிறேன் என்று சொன்னதும் அண்ணனும் வாங்கிப் போட்டுக்கொண்டான். இப்போது பெங்களூரில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள், வேலை, போக்குவரத்து நெரிசல். போன வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. அந்த நேரத்தில் வந்தால் பயந்துதானே எடுப்போம். எடுத்தேன்.

“பாப்பா, மங்கோல் வந்துட்டான். நாலு படை. நம்ம பாலம் எந்தப் பக்கம் இருந்துச்சு?”